கான்ஸ்டன்ஷியாத் தோட்டம்

வெளிநாடுகளுக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் முன்பெல்லாம் கோபுரங்களையும் அரண்மனைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். இப்போது திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று ஒயின் செய்கிற தேசங்களில் எல்லாம் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. காலையில் ஹோட்டல் வாசலில் ஒரு பஸ் வந்து நிற்கிறது. ஒரே நாளில் மூன்று நான்கு தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் கொடி வரிசைகளுக்கு நடுவே நடத்திச் செல்கிறார்கள். மரப் பீப்பாய்கள் அடுக்கிய குளிர்ந்த நிலவறையைக் காட்டுகிறார்கள். கடைசியில் நீண்ட மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, ஐந்தாறு கண்ணாடிக் கிண்ணங்களில் விரற்கடை அளவு ஒயினை ஊற்றுகிறார்கள்.

குடிப்பது வேறு, சுவைப்பது வேறு என்பது அங்கே முதல் பாடம். கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும். மெல்லச் சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு வாசனை பிடிக்க வேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, அருகில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளைத் துப்புவதா என்று நம்மவர்களுக்குத் தோன்றும். துப்பாமல் விழுங்கிக்கொண்டே போனால், நாலாவது தோட்டத்திலிருந்து நம்மை யாராவது கைத்தாங்கலாகத்தான் பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும்!

சுவைத்துக் கொண்டிருக்கும்போது வழிகாட்டி பேசுவார். மண்ணைப் பற்றிச் சொல்வார். மலைச்சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கடற்காற்று எத்தனை மணிக்கு வீசுகிறது, பீப்பாய் எந்த மரத்தில் செய்தது என்றெல்லாம் சொல்வார். ஒயினின் குணத்துக்கு இவை எல்லாம் காரணம் என்பது உண்மைதான். ஆனால் மண்ணும் காற்றும் தாமாகக் கொடியை நட்டுவிடுவதில்லை. நட்ட கைகள் யாருடையவை என்று கேட்டால், சில இடங்களில் அந்த வரலாறு சுவையான வரலாறாக இராது. அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வரலாற்றில் நம்முடைய கடற்கரைக்கும் பங்கு உண்டு.

மதுவைப் பற்றி எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அயல்நாட்டு ஒயின் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு அறியும். புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945-ல் மண்ணைத் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் மது கடல் கடந்து நம் கரைக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டிலோ, திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக நம் கரையிலிருந்து மனிதர்கள் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஆப்பிரிக்காவின் தென்கோடி. இன்றைய கேப் டவுன் நகரம்.

ஐரோப்பாவிலிருந்து கிழக்கு நாடுகளுக்குப் போகும் கப்பல்கள் அந்த முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். மாதக்கணக்கான பிரயாணம். காய்கறி இல்லாமல் மாலுமிகள் நோயில் விழுந்து செத்தார்கள். ஆகவே வழியில் ஒரு காய்கறித் தோட்டம் போடுவதற்காக டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் யான் வான் ரீபெக் என்ற தங்கள் உத்தியோகஸ்தரை அனுப்பினார்கள். 1652 ஏப்ரல் மாதம் அவர் மேசை மலையின் அடிவாரத்தில் இறங்கினார். 1655-ல் திராட்சைக் கொடிகளை நட்டார். 1659 பிப்ரவரி 2-ஆம் தேதி, கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழிந்ததைத் தம்முடைய நாட்குறிப்பில் பதிவு செய்தார். ஒரு தேசத்தின் ஒயின் இன்ன தேதியில் பிறந்தது என்று சொல்ல முடிவது அபூர்வம். அந்தத் தேதியை இன்றும் அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள்.

அதற்கு முந்தின ஆண்டில் நடந்த இன்னொரு விஷயத்தை அவ்வளவு உற்சாகமாகச் சொல்வதில்லை. அங்கே ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த கொய்கொய் மக்களை அடிமைகளாக்கக் கூடாது என்பது கம்பெனியின் உத்தரவு. நியாய உணர்ச்சி ஒன்றும் காரணம் அல்ல. அவர்களிடம் மாடு வாங்க வேண்டியிருந்தது. நிலத்தை உழவும் கட்டடம் கட்டவும் வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1658-ல் இரண்டு கப்பல்கள் அடிமைகளை ஏற்றிக்கொண்டு வந்தன. வந்தவர்களில் பலர் குழந்தைகள். அவர்களுக்கு டச்சு மொழியும் ஜெபமும் கற்பிக்க ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். பாடம் ஒழுங்காகக் கேட்பவர்களுக்கு என்ன பரிசு தெரியுமா? ஒரு கிண்ணம் பிராந்தியும் இரண்டு அங்குலம் புகையிலையும்! ரீபெக்கின் நாட்குறிப்பே இதைச் சொல்கிறது. அந்தக் கிண்ணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மூன்று நூற்றாண்டுகளுக்கு அது கீழே வைக்கப்படவில்லை.

1658-ல் வேறொரு காரியமும் நடந்தது. நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். பழவேற்காட்டில் அவர்களுக்கு 1613-லிருந்தே கோட்டை உண்டு. அடுத்த ஆண்டு பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமையில் புகுந்தன. சண்டையும் கொள்ளையும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. பசிக்குத் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றவர்களைக் கம்பெனி வாங்கிற்று. 1659 முதல் 1661 வரை ஆயிரக்கணக்கான பேர் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும் மலாக்காவுக்கும், இன்று ஜகார்த்தா என்று வழங்கும் பதேவியாவுக்கும் போனார்கள்.

கிழக்கே இருந்த இந்த அடிமைகளில் ஒரு பகுதியினர் கேப்புக்கு எப்படிப் போனார்கள்? ஹாலந்து தேசத்தில் அடிமைகளை வைத்துக்கொள்ள முடியாது. சேவகம் முடிந்து ஊர் திரும்பும் கம்பெனி உத்தியோகஸ்தர்கள், வழியில் கேப்பில் தங்கள் வீட்டு அடிமைகளை விற்றுக் காசாக்கிக்கொண்டு போவார்கள். நாம் ரயிலேறுவதற்கு முன் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவது போலத்தான். 1652-லிருந்து அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்ட 1808 வரை, சுமார் 63,000 பேர் கேப்பில் இறக்கப்பட்டார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து போனவர்கள். வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை இம்மூன்றையும் சேர்ந்தவர்கள்.

இறங்கியதும் பெரும்பாலோருக்குப் பெயர் மாற்றினார்கள். சிலருக்கு ரோமாபுரி வீரர்களின் பெயர். சிலருக்கு வந்து சேர்ந்த மாதத்தின் பெயர். பிப்ரவரி, ஏப்ரல், செப்டம்பர் என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் கேப் டவுனில் சாதாரணம். பெயருக்குப் பின்னால் பிறந்த இடத்தை எழுதினார்கள். சோழமண்டலத்தாருக்கு ஊர் கூடக் கிடையாது. 'கரையைச் சேர்ந்தவன்', 'கரையைச் சேர்ந்தவள்' என்று எழுதினால் போதும். எந்தக் கரை என்று கம்பெனிக்குத் தெரியும். கதை எழுதுகிறவனுக்குப் பாத்திரத்தின் பெயர் தெரியாமல் பேனா ஓடாது. இந்த ஏடுகளின் முன் அவன் திகைத்துப் போய்விடுவான். கரையைச் சேர்ந்த ஒருவனை அவன் தாய் என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்பதற்கு அவற்றில் கட்டமே போடவில்லை.

இனிக் கான்ஸ்டன்ஷியாவுக்கு வருவோம்.

1679-ல் கேப்பின் தலைமை அதிகாரியாக வந்தவர் சைமன் வான் டெர் ஸ்டெல். திராட்சை விவசாயமும் ஒயின் செய்யும் வித்தையும் நன்றாக அறிந்தவர். கனியாத திராட்சையைப் பிழிகிறவர்களுக்கு அபராதம் போட்டு, கேப் ஒயினுக்கு ஒரு தரத்தை உண்டாக்கினார். இன்று ஒயின் பிரயாணிகள் கூடும் ஸ்டெல்லன்பாஷ் என்ற ஊர் அவர் பெயரால் அமைந்தது. 1685-ல் மேசை மலைக்குத் தெற்கே, கடற்காற்று தவழும் சரிவில், சுமார் 760 ஹெக்டேர் நிலம் அவருக்கு மானியமாகக் கிடைத்தது. அதற்குக் கான்ஸ்டன்ஷியா என்று பெயரிட்டு, பிற்பாடு ஓய்வு பெற்று 1712-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

இந்த மனிதரின் வம்சத்தைச் சற்று விசாரித்துப் பார்த்தால் வியப்பு ஏற்படுகிறது. அவர் பிறந்தது 1639-ல், மொரீஷியஸ் தீவை நோக்கிச் சென்ற கப்பலில். தந்தை ஏட்ரியான் 1646-ல் இலங்கையில் கண்டி அரசனின் படையினரால் கொல்லப்பட்டார். தாயின் தாய் மோனிகா என்ற இந்தியப் பெண். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். அதாவது, தென்னாப்பிரிக்க ஒயினின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவரின் பாட்டி ஓர் இந்திய அடிமைப் பெண்! நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், வெள்ளையர் பெருமைக்கு உதாரணமாக அவரைப் பாராட்டியவர்கள் இந்தப் பாட்டியைப் பற்றி வாய் திறப்பது வழக்கமில்லை.

அந்த நிலத்தை அவருக்கு அளித்தவரும் நமக்கு அந்நியர் அல்ல. அவர் ஹென்ட்ரிக் வான் ரீட். கொச்சியில் டச்சுத் தலைவராக இருந்தபோது, மலையாளக் கரையின் மூலிகைகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற பன்னிரண்டு பாகங்கள் கொண்ட பெரிய நூலைத் தயாரித்தவர். கம்பெனியின் ஆணையராக 1685-ல் கேப்பைப் பார்வையிட்டுவிட்டு, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். சோழமண்டலத் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார். 1691-ல் கடற்பிரயாணத்தில் இறந்து, சூரத்தில் அடக்கமானார். தம்முடைய நூலின் முதல் பாகத்தில், தமக்கு உதவிய இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் சாட்சிப் பத்திரத்தை, அவருடைய பெயரோடும் ஊரோடும் அச்சிட்டார். செடிகளின் பெயரையும், அவற்றைச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரையும் காப்பாற்றத் தெரிந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலத்தில், கொடி நட்டவர்கள் பாதிப் பெயரோடு மறைந்து போனார்கள்.

சைமன் இறந்த பிறகு தோட்டம் மூன்றாகப் பிரிந்தது. மாளிகை இருந்த பகுதிதான் இன்றைய குரூட் கான்ஸ்டன்ஷியா, அதாவது பெரிய கான்ஸ்டன்ஷியா. அதை 1716-ல் ஓலோஃப் பெர்க் என்ற படைத் தலைவர் வாங்கினார். அவருடைய மனைவி அன்னா டி கோனிங். அன்னாவின் தாய் யார்? வங்காளத்தைச் சேர்ந்த ஆன்ஸெலா. 1657-ல் விலைக்கு வாங்கப்பட்டு, ரீபெக்கின் வீட்டில் அடிமையாக வேலை செய்தவள். 1666-ல் விடுதலை பெற்று, கேப் டவுனில் ஒரு மனை வாங்கி, காய்கறி பயிர் செய்து பிழைத்து, டச்சுக்காரர் ஒருவரை மணந்து குடும்ப ஸ்திரீயானாள். அவளுடைய மகள் கான்ஸ்டன்ஷியாவின் எஜமானி ஆனாள். 1724-ல் கணவர் இறந்த பிறகு சுமார் பத்து ஆண்டுகள் அவளே அந்தத் தோட்டத்தை வைத்திருந்தாள்.

நாவலாக எழுதினால் 'நம்பும்படி இல்லையே' என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். வாழ்க்கைக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் இதை இனிய முடிவுள்ள கதை என்று எண்ணிவிடக் கூடாது. அன்னாவின் தோட்டத்திலும் அடிமைகள்தான் வேலை செய்தார்கள். அடிமையின் மகள் அடிமைகளுக்கு எஜமானியாக இருந்தாள். அவள் கொடுமைக்காரியா, தயையுள்ளவளா என்பது வேறு விஷயம். அந்த ஊரில் மனிதனாக மதிக்கப்பட வேண்டுமானால் இன்னொரு மனிதனை உடைமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறையாகிவிட்டது. ஒரு கொடுமை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை, அதிலிருந்து தப்பியவர்களும் அதையே செய்வதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

கான்ஸ்டன்ஷியாவின் பொற்காலம் 1778-ல் ஹென்ட்ரிக் குளூட்டே என்பவர் அதை வாங்கியதிலிருந்து தொடங்கியது. திராட்சையைக் கொடியிலேயே வதங்கவிட்டு, சாறு சுண்டி இனிப்பேறிய பிறகு பறித்துச் செய்த இனிப்பு ஒயின் அது. இதற்குப் பொறுமையும் வேண்டும், ஏராளமான ஆட்களும் வேண்டும். பழுத்த குலைகளைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே பறிக்க வேண்டும். ஐரோப்பிய அரசர்கள் அந்த ஒயினுக்குப் போட்டியிட்டார்கள். செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது போயிற்று. நாவல் படிப்பவர்கள் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'யில் இதைப் பார்த்திருப்பார்கள். 1811-ல் வெளியான அந்தக் கதையில், காதலில் ஏமாந்த பெண்ணுக்கு ஆறுதலாக ஓர் அம்மாள் ஒரு கிண்ணம் கான்ஸ்டன்ஷியா கொண்டுவருகிறாள். மனப்புண்ணை ஆற்றும் மருந்தென்று இங்கிலாந்து நம்பிய அந்தக் கிண்ணம், அன்று அடிமைகளின் உழைப்பால் நிரம்பியது.

குளூட்டே 1791-ல் கட்டிய ஒயின் கூடம் இன்றும் இருக்கிறது. அதன் முகப்பில் அன்டன் அன்ரைத் என்ற சிற்பியின் வேலைப்பாட்டைப் பிரயாணிகள் படம் எடுக்கிறார்கள். கழுகோடு ஒரு சிறுவன். கிரேக்கக் கதைப்படி அவன் பெயர் கானிமீட். தேவலோகத்தில் மது பரிமாறுவதற்காக, பிறந்த மண்ணிலிருந்து கழுகால் தூக்கிச் செல்லப்பட்டவன். மதுவுக்காக நாடு கடத்தப்பட்ட சிறுவனின் சிற்பத்துக்குக் கீழே, மதுவுக்காக நாடு கடத்தப்பட்டவர்கள் பீப்பாய் உருட்டினார்கள். சிற்பி இதை உத்தேசித்துச் செய்திருக்க மாட்டார். ஆனால் சிற்பம் அங்கேயே இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்கலாம்.

இதற்கிடையில் கேப் பிரிட்டிஷார் கைக்கு மாறிற்று. 1834 டிசம்பர் 1-ஆம் தேதி அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. உடனே போய்விட முடியவில்லை. 'பயிற்சிக் காலம்' என்று பெயர் வைத்து மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எஜமானிடமே வேலை செய்ய வேண்டும் என்றார்கள். 1838 டிசம்பர் 1-ஆம் தேதிதான் உண்மையான விடுதலை. 35,000-க்கு மேற்பட்டவர்கள் கேப்பில் விடுதலை பெற்றார்கள். பேரரசு முழுவதற்கும் சேர்த்து 2 கோடி பவுன் நஷ்ட ஈடு ஒதுக்கியது பிரிட்டிஷ் பார்லிமெண்ட். யாருக்கு நஷ்ட ஈடு? அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு! தங்கள் வாழ்நாளையே இழந்தவர்களுக்குக் காலணா கிடையாது. ஒரு காணி நிலமும் கிடையாது.

நிலம் இல்லாதவன் எங்கே போவான்? பலர் அதே தோட்டங்களுக்குக் கூலிக்குத் திரும்பினார்கள். அங்கே பழைய கிண்ணம் அவர்களுக்காகக் காத்திருந்தது. 'டாப்' என்று அதற்குப் பெயர். கூலியின் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் மட்டமான ஒயினாகக் கொடுக்கும் முறை அது. காலையில் ஒரு கிண்ணம், வேலை நடுவில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம் என்று ஒரு நாளில் பல தடவை ஊற்றுவார்கள். எஜமானுக்கு இரட்டை லாபம்: விற்க முடியாத ஒயின் செலவழிந்தது, குடிக்குப் பழகியவன் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான். 1960-ல் இதைச் சட்டம் தடை செய்தது. ஆனாலும் அந்த நூற்றாண்டின் கடைசி வரை பல இடங்களில் அது தொடர்ந்தது. தாயின் குடிப் பழக்கத்தால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம், உலகில் பதிவானவற்றுள் மிக உயர்ந்த இடங்களில் ஒன்றாக இந்த ஒயின் மாவட்டங்கள் ஆயின. 1658-ல் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளுக்கு நீட்டிய கிண்ணம், கடைசியில் தாயின் வயிற்றில் இருந்த குழந்தையையும் எட்டிவிட்டது.

கான்ஸ்டன்ஷியாவின் புகழும் நிலைக்கவில்லை. 1861-ல் இங்கிலாந்து கேப் ஒயினுக்கு அளித்து வந்த சுங்கச் சலுகை நீங்கியது. 1885-ல் குரூட் கான்ஸ்டன்ஷியாவை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு, ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சி கேப்பிலும் தென்பட்டது. 1925-ல் பழைய மாளிகை தீக்கு இரையாகிப் பிறகு பழையபடி கட்டப்பட்டது. மறைந்து போன அந்த இனிப்பு ஒயினை, அருகிலுள்ள சிறிய கான்ஸ்டன்ஷியாவில் 1986-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள். 1971-ல் ஸ்டெல்லன்பாஷில் தோட்டம் தோட்டமாகச் சென்று சுவைக்கும் 'ஒயின் வழி' ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவில் அதுதான் முதலாவது. இன்று அந்த மலைச்சரிவுகளில் எத்தனையோ வழிகள்.

பழைய தோட்டங்கள் சிலவற்றில், வெள்ளையடித்த வளைவுக்குள் ஒரு மணி தொங்குவதைக் காணலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் அடியில் நின்று கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகான மணிதான். விடியுமுன் அடிமைகளை எழுப்பி வயலுக்கு அனுப்ப அடித்த மணி அது.

இதையெல்லாம் சொன்னதால், அங்கே போகக் கூடாது என்றோ, போனால் கிண்ணத்தைத் தொடக் கூடாது என்றோ நான் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கப் போகிறவன் கல் சுமந்தவர்களுக்காகக் கோபுரத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வதில்லை. மேலும், சென்ற நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த நாட்டினரே மறைத்ததைத் திறந்து பேசத் தொடங்கியிருக்கிறார்கள். கேப் டவுனில் கம்பெனியின் அடிமைகளை அடைத்து வைத்த 1679-ஆம் ஆண்டுக் கட்டடத்துக்கு, 1998-ல் 'அடிமைகள் விடுதி' என்றே பெயர் சூட்டி, அதைக் காட்சிசாலையாக நடத்துகிறார்கள். திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன், ஒரு மணி நேரம் அந்த விடுதிக்குள் நடந்துவிட்டு வருவது நல்லது. பிறகு வழிகாட்டி சொல்வது வேறு மாதிரிக் காதில் விழும்.

மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மண்ணையும் காற்றையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கொடிகளை முதலில் நட்டவர்கள் யார்?" வழிகாட்டிக்கு விடை தெரிந்திருந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டால், அவருக்குத் தெரிந்த அத்தனை வாசனைகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்: அந்த நாட்டுத் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் கரையைச் சேர்ந்தவர்கள்.